ராமுத்தாய் பேருக்கு வந்த ஆர்டர்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வாடகைப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோதுதான் கர்ணனுக்கு அந்தப் போன் வந்தது. பேசி முடித்தவர் நேராக ஹேமாவதியிடம் வந்தார்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு ஓவர்சியர் வாராராம். லிண்டல் போட்டோ எடுக்க."

ஹேமாவதி கையிலிருந்த குண்டானைக் கீழே வைத்தாள். "எடுத்துட்டுப் போகட்டும் மாமா. அதேன் சுவரு எழும்பி நிக்குதே."

"வெறும் சுவர எடுக்க மாட்டாக. ஆர்டர் யாரு பேருல இருக்கோ, அவுக முன்னாடி நிக்கணும்."

வீடு ஒதுக்கிய ஆர்டர் ராமுத்தாய் பேரில் இருந்தது. ராமுத்தாய் கர்ணனின் மனைவி. ஹேமாவதிக்கு இரண்டு வயது மூத்த அக்கா. அவள் படத்துக்குப் போட்ட மாலை இன்னும் வாடவில்லை.

அரசாங்க வீட்டுத் திட்டத்தில் பணம் மொத்தமாக வந்துவிடாது. அஸ்திவாரம், வாசல் ஜன்னல் தலைக்கு மேலே ஓடும் லிண்டல், பிறகு கூரை, கடைசியில் பூச்சு என்று ஒவ்வொரு கட்டத்திலும் பயனாளியை வீட்டு முன்னால் நிறுத்திப் படம் எடுத்து ஆன்லைனில் ஏற்ற வேண்டும். ஏற்றினால்தான் அடுத்த தவணை. கார்த்திகையில் அஸ்திவாரம் முடிந்தது. மார்கழியில் யாரும் நிலை வைப்பதில்லை என்று ஒரு மாதம் சும்மா கிடந்தது. தையில் நிலை வைத்து, மாசியில் சுவர் ஏறி, லிண்டல் கான்கிரீட் போட்ட மூன்றாம் நாள் ராமுத்தாய் போய்விட்டாள்.

"கொஞ்ச நாள் கழிச்சு வரச் சொல்லலாமே."

"சொன்னேனே. முப்பத்தொண்ணாந் தேதியோட கணக்கு முடியுதாம். இந்த வருச பட்ஜெட்டுல ஒதுக்குன பணம், அதுக்குள்ள ஏறலைன்னா கஜானாவுக்கே திரும்பிருமாம். இன்னிக்கு இருபத்தாறு ஆச்சு."

கர்ணன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு முன்னால் அடித்திருந்த தகரக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய மண்வீட்டை இடித்ததிலிருந்து அதற்குள்தான் குடித்தனம். ஆனி பிறந்தால் கணவாய்க் காற்று தகரத்தை விட்டுவைக்காது. போன வருசம் பக்கத்துத் தோட்டத்துத் தகரம் பறந்துபோய் ஒரு மாட்டின் முதுகைக் கிழித்திருந்தது. அந்தக் கொட்டகைக்குள்ளேதான் மகள் சுபாஸ்ரீயும் படுக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, தாயில்லாத பிள்ளை.

"செத்துப் போயிட்டான்னு சொல்லிருவோமே மாமா."

"சொல்லிட்டு? ஊர் எல்லையில நிக்குதே ஒரு வீடு, பாக்கலையா நீ?"

பார்க்காதவர்கள் கிடையாது. சுருளிப்பட்டியிலிருந்து அருவிக்குப் போகிற எல்லாருமே அதைப் பார்த்துக்கொண்டுதான் போவார்கள். லிண்டல் வரைக்கும் எழும்பி நின்றுபோன வீடு. உள்ளே சீமைக்கருவேலம் ஆளுயரத்துக்கு வளர்ந்து ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக்கொண்டிருக்கும். ஆர்டர் வாங்கிய ஆள் பாதியில் செத்தான், ஆர்டரும் அவனோடு செத்தது என்று ஊரில் சொல்வார்கள்.

அப்போது கொத்தனார் வேல்பாண்டி பந்தல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தார். வீட்டைக் கட்டிக்கொண்டிருப்பவர் அவர்தான். லிண்டல் வரைக்கும் செய்த வேலைக்கு அவருக்கும் ஆட்களுக்கும் கூலி நிற்கிறது.

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது," என்றார். "அக்காளும் தங்கச்சியும் ஒரே அச்சுல அடிச்ச ஹாலோபிளாக் கல்லு மாதிரி. வர்ற ஓவர்சியர் புதுசு. ஆண்டிபட்டிப் பக்கமிருந்து மாறி வந்த பையன். ராமுத்தாய அவரு கண்டதே இல்ல."

ஹேமாவதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் பக்கம் திரும்பினாள்.

"என்னண்ணே பேசுறீக? பதினாறு முடிஞ்சு ஒரு பொழுது ஆகல."

"ஒரு நிமிசம், ஆத்தா. நிக்கிற, பல்லக் காட்ட வேணாம், படம் எடுத்துட்டுப் போயிருவாக. என்ன, ராமுத்தாய் சிரிச்சாத்தேன் அவ வேற நீ வேறன்னு தெரியும், நீ சிரிக்க மாட்ட."

"நான் மாட்டேன்."

வேல்பாண்டி கர்ணனைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். கர்ணன் மெதுவாக, சண்டைக்கு வருகிற குரலில் இல்லாமல், கேட்டார்.

"ஆட்டோவத் திருப்பச் சொன்னது யாரு, ஹேமா?"

திருப்பச் சொன்னது அவள்தான். அன்றைக்குக் காலை கர்ணன் ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டத்து வேலையில் இருந்தார். நெஞ்சை அடைக்கிறது என்று சுருண்ட அக்காவை ஆட்டோவில் ஏற்றிக் கம்பம் பெரிய ஆசுபத்திரிக்குக் கிளம்பியவள் ஹேமாவதி. ஆற்றுப் பாலம் வருவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. "செத்த பிறகு உள்ள கொண்டுபோனா அறுக்காம குடுக்க மாட்டாக, என்ன செய்ய?" என்று டிரைவர் கண்ணாடி வழியே கேட்டார். "திருப்புங்கண்ணே," என்றாள் ஹேமாவதி. அறுக்காமல் முழுசாக வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது மனதில் இருந்தது.

அதனால் டாக்டர் சீட்டு இல்லை. ஆசுபத்திரிப் பதிவு இல்லை. ராமுத்தாய் செத்துப்போனாள் என்பதற்கு ஊர் சாட்சி இருந்தது. காகிதம் ஒன்றும் இல்லை. நல்லதாகப் போயிற்று என்று வேல்பாண்டி நினைத்தார். அன்றைக்கு அந்த ஆட்டோ திரும்பாமல் இருந்திருந்தால் ஒருவேளை உள்ளே மிச்சம் இருந்த மூச்சைப் பிடித்திருப்பார்களோ என்று கர்ணன் நினைத்தார். அவர் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. இன்றைக்கும் முழுதாகச் சொல்லவில்லை.

"எத்தன மணிக்கு வாராக?" என்று கேட்டாள் ஹேமாவதி.

மறுநாள் காலை தெருவே தயாராக இருந்தது. பஸ் நிறுத்தத்தில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பிளக்ஸை வேல்பாண்டி விடியும்முன்பே அவிழ்த்துவந்து, சிமெண்டு மூட்டைகளின்மேல் படம் கீழே இருக்கும்படி கவிழ்த்துப் போட்டிருந்தார். கொட்டகைக்குள் இருந்த மாலை போட்ட படத்தைத் துணியில் சுற்றிப் பக்கத்து வீட்டு ஞானபாக்கியத்திடம் கொடுத்தார்கள். அவள் வாங்கிக்கொண்டாள்.

"எடத்தக் குடுக்குறேன். பொய் சொல்லச் சொன்னா சொல்ல மாட்டேன். கேட்டாகன்னா காது கேக்காதுன்னு உள்ள போயிருவேன்," என்றாள்.

"அதுவும் பொய்தான மதினி?" என்றார் வேல்பாண்டி.

"அது கர்த்தருக்கும் எனக்கும் உள்ளது. நீ ஒன் வேலையப் பாரு."

அஸ்திவாரப் படத்தில் ராமுத்தாய் கட்டியிருந்த மாம்பழக் கலர் சேலையைக் கர்ணன் எடுத்துக்கொடுத்தார். ஹேமாவதி கொட்டகைக்குள் கட்டிக்கொண்டிருந்தபோது சுபாஸ்ரீ மூலையில் உட்கார்ந்து பார்த்தாள்.

"சுபா, ஓவர்சியர் இருக்கும்போது மட்டும் என்னைய..." ஹேமாவதியால் முடிக்க முடியவில்லை.

"அப்பா சொன்னாரு. அம்மான்னு கூப்பிடணும்னு." பிள்ளையின் குரல் தட்டையாக இருந்தது. "கூப்பிட மாட்டேன் சித்தி. சித்தின்னும் கூப்பிடல. வாயே தொறக்கல. போதுமா?"

ஓவர்சியர் வினோத்ராஜ் பதினொன்றரைக்கு வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. வண்டியை நிறுத்தியதும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, டேப்பை விரித்துச் சுவரை அளந்தார். வேல்பாண்டி மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, கேட்காததற்கெல்லாம் பதில் சொன்னார். காற்று கிளம்பிச் சிமெண்டு மூட்டை மேலிருந்த பிளக்ஸின் ஒரு முனையைத் தூக்கியது. உள்ளிருந்து நீல வானமும் ஒரு வெள்ளைப் புறாவின் சிறகும் தெரிந்தன. கர்ணன் அசையாமல் நின்றார். சுபாஸ்ரீ போய் அந்த முனையை மடக்கி, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"வேலை நல்லா இருக்கு," என்றார் வினோத்ராஜ். "மார்கழின்னு ஒரு மாசத்தக் கெடுக்காம இருந்திருந்தா இந்நேரம் கூரையே போட்டிருக்கலாம். உங்க ஊர்ல அரசாங்கத்துக்கு ஒரு பஞ்சாங்கம், உங்களுக்கு ஒரு பஞ்சாங்கம். சரி, பயனாளியம்மா யாரு?"

ஹேமாவதி முன்னால் வந்தாள்.

"பேரு?"

"ராமுத்தாய்."

சொல்லிவிட்டாள். நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

"நிலைக்கு முன்னால நில்லுங்க. கொஞ்சம் இடப்பக்கம். ஆங்." கையிலிருந்த பெரிய போனால் படம் எடுத்தார். முடிந்தது என்று கர்ணன் மூச்சை விட்டது இவளுக்குக் கேட்டது. ஆனால் வினோத்ராஜ் போனை இறக்கவில்லை. இன்னும் நெருங்கி வந்தார்.

"இது இப்பத்தான் புதுசா வந்திருக்கு. ஆதார்ல இருக்கிற முகமும் இந்த முகமும் ஒண்ணான்னு அதுவே பாத்துக்கும். இந்த வட்டத்துக்குள்ள முகத்தைக் காட்டுங்க. பச்சை வந்ததும் கண்ணைச் சிமிட்டணும்."

"கண்ண எதுக்கு சார் சிமிட்டணும்?" என்று கேட்டார் வேல்பாண்டி.

"போட்டோவக் காட்டி ஏமாத்திறக் கூடாதுல்ல. உயிரோட இருக்கிற ஆளுதானான்னு பாக்குது."

வேல்பாண்டி கர்ணனைப் பார்த்தார்.

ஹேமாவதி வட்டத்துக்குள் பார்த்தாள். தன் முகமும் அக்காளின் சேலையும் தெரிந்தன. பச்சை வந்தது. சிமிட்டினாள். உள்ளே ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. மலைப்பக்கம் டவர் எப்போதும் சோம்பல்தான். வினோத்ராஜ் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"பொருந்தலையாம். வெயிலு மூஞ்சியில அடிக்குது. கொஞ்சம் நெழலுக்கு வாங்க. பொட்டு பெருசா இருக்கு, எடுத்துருங்க."

பொட்டை எடுத்தாள். மறுபடி வட்டம். மறுபடி பச்சை. சிமிட்டினாள். இந்தத் தடவை சக்கரம் சீக்கிரமே நின்றது.

"இதுவும் இல்ல." வினோத்ராஜ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவருக்குச் சந்தேகம் எதுவும் இல்லை என்பதுதான் ஹேமாவதிக்குத் தாங்க முடியாமல் இருந்தது. "பயப்படாதீங்கம்மா. ஆதாருக்குப் படம் எடுத்துப் பத்து வருசம் ஆயிருக்கும். தோட்டத்துல வெயில்ல நிக்கிறவங்க முகம் மாறிப்போயிருது. போன வாரம் வருசநாட்டுப் பக்கம் ஒரு பெரியவருக்கு இப்படித்தான். ஆனா ஒண்ணு, மூணு தடவதான் விடும். மூணாவதும் தப்புன்னா நம்பரே பூட்டிக்கும். அப்புறம் விசாரணைன்னு மேல போயிரும், என் கையில இல்ல."

"மூஞ்சியக் கழுவிட்டு வா," என்றார் கர்ணன். அவர் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. காலையிலிருந்து எந்தப் பேரும் சொல்லவில்லை.

கழுவிக்கொண்டு வந்து நின்றாள். முந்தானையால் துடைத்தபோது சேலையில் அக்காளின் பெட்டி வாசனை இருந்தது. மூன்றாம் தடவை வட்டம் வந்தது. முகம் உள்ளே பொருந்தி நின்றது. ஓரம் பச்சையானது.

"சிமிட்டுங்க."

அவள் சிமிட்டவில்லை.

"அம்மா, கண்ணை மூடித் தொறங்க."

ஆட்டோவில் ராமுத்தாயின் தலை இவள் மடியில் இருந்தது. கண் திறந்தபடியே நின்றுபோயிருந்தது. இவள்தான் இரண்டு விரலால் இமையைத் தடவி இறக்கினாள். ஒரு தடவை இறங்கவில்லை. மறுபடியும் தடவிச் சற்று நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகுதான் டிரைவர் கேட்டார். இப்போது அந்தக் கண்ணைத் திறந்து மூடு என்கிறார்கள். மூடினால் அக்காள் இருக்கிறாள் என்று எங்கோ எழுதிக்கொள்வார்கள். கூரைக்கு ஒரு தடவை, பூச்சுக்கு ஒரு தடவை என்று மறுபடியும் அவளைக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் இவள் போய் நின்று மூடித் திறக்க வேண்டும்.

கண் எரிந்தது. நீர் முட்டிக்கொண்டு கன்னத்தில் வழிந்தது. அப்போதும் இமையைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"ஏய், சிமிட்டு," என்றார் கர்ணன்.

"சார், அவ கண்ண நாந்தேன் மூடுனேன்."

"என்னம்மா?"

"ராமுத்தாய் கண்ண. இந்தக் கையாலதேன் மூடுனேன். பதினேழு நாளாச்சு சார். நான் தங்கச்சி. ஹேமாவதி."

வினோத்ராஜுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் போனைத் திருப்பி, வியர்த்த விரலால் இரண்டு மூன்று தடவை தட்டி, எதுவும் ஏறாமல் வெளியே வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது.

"இது ஏறியிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியுமா உங்களுக்கு? நீங்க மூணு பேரும் உள்ள போயிருப்பீங்க. என் வேலையும் போயிருக்கும். எனக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு மாசம்தாங்க ஆகுது."

"சார், அந்தப் பொம்பளைய ஒண்ணும் சொல்லாதீக. யோசன என்னுது," என்றார் வேல்பாண்டி.

கர்ணன் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆர்டர் ரத்தாகிரும்னுதேன் சார் சொல்லல. எல்லையில இருக்கிற வீடு அப்படித்தான ஆச்சு?"

"எந்த வீடு? கருவேலம் மொளைச்சுக் கெடக்கே, அதுவா? அது யாரு ரத்தாச்சுன்னு சொன்னது? நான் வந்த அன்னிக்கே அந்த பைலப் பாத்தேன். ரெண்டு தாரத்துப் பிள்ளைகளும் யாரு பேருக்கு மாத்துறதுன்னு கையெழுத்துப் போடாம அடிச்சுக்கிறாங்க. அதுனால நிக்குது."

"மாத்தலாமா?"

"வீட்டுக்காரர் நீங்க இருக்கும்போது என்னங்க? இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ரெண்டும் வச்சா உங்க பேருக்கு மாத்திருவாங்க. மொத வாரமே குடுத்துப் பின்னாடியே அலைஞ்சிருந்தீங்கன்னா, இன்னிக்கு உங்களையே இங்க நிக்க வச்சு எடுத்திருப்பேன்."

கர்ணன் காற்றில் படபடக்கும் தகரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப?" என்றார் கர்ணன்.

"இப்ப நாலு நாள்தான் இருக்கு, அதுல ரெண்டு நாள் லீவு. வாரிசுச் சான்று தாலுகா ஆபீஸ்ல இருந்து வரணும், அது வராது. இந்த வருசப் பணம் போயிருச்சுங்க." வினோத்ராஜ் பையை மாட்டிக்கொண்டார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஏப்ரல்ல புது ஒதுக்கீடு வரும். எப்பப் பிரிச்சு எங்க கைக்கு வரும்னு என்னால சொல்ல முடியாது. ஆனி ஆகலாம், ஆடி ஆகலாம். காகிதம் ரெடியா இருந்தா உங்க பைல மேல வைக்கிறேன். இறந்து இருபத்தொரு நாளைக்குள்ள பதிஞ்சுருங்க. தாண்டுனா அதுக்கு வேற அலையணும்."

அவர் வண்டி தெரு திரும்பும்வரை யாரும் இடத்தைவிட்டு அசையவில்லை. பிறகு வேல்பாண்டி, கூலி இப்போதைக்கு வராது என்று தன் ஆட்களுக்குப் போன் செய்யத் தள்ளிப் போனார். "ஏலே, வெளிநாட்டுக்கா போகப் போறேன், இங்கனதான்டா இருப்பேன்," என்று கத்துவது கேட்டது.

ஹேமாவதி கர்ணனின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளத் தயாராக இருந்தாள். அவர் கொட்டகைத் தகரத்தைக் கட்டியிருந்த கம்பியை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். இன்னொரு மூலைக்குப் போய் அங்கேயும் இழுத்துப் பார்த்தார். ஆனிக் காற்றுக்கு இந்தக் கட்டு தாங்காது என்பது அவர் கைக்கே தெரிந்திருக்கும். திரும்பி வந்து பைக்கை எடுத்தார்.

"ஏறு. வி.ஏ.ஓ. ஆபீசு ஒரு மணிக்குப் பூட்டிருவாக."

அவள் ஏறிக்கொண்டாள். தென்னந்தோப்பு தாண்டித் திராட்சைப் பந்தல்கள் வந்தன. அவர் முன்னால் பார்த்தபடியே, காற்றுக்கு மேலே கேட்கும்படி சத்தமாகக் கேட்டார்.

"அவ ஆட்டோவுல எதும் சொன்னாளா?"

பதினேழு நாளில் இதை அவர் கேட்டதே இல்லை.

"சொன்னா மாமா. பால் காய்ச்சுற அன்னிக்குப் போடுறதுக்கு சுபாவுக்குச் சுடிதார் தைக்கக் குடுத்திருக்கேன், வாங்கிருன்னா."

கர்ணன் வண்டியை ஓரமாக நிறுத்தினார். இறங்கவில்லை. இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டார்.

"எந்தக் கடையில?"

"அது சொல்லல மாமா."

"கம்பத்துலயா, இங்கனயா?"

"கேக்கல. பெறகு கேட்டுக்கலாம்னு இருந்துட்டேன்."